கிளிநொச்சிப் பக்கம் வாங்கிய நத்தார்ப் பூங்கன்று: கன்று திறம், சொல்லிவிட்ட பராமரிப்புத்தான் சரியில்லை

மார்கழி பிறந்தால் ஏ9 வீதியோரப் பூங்கன்றுக் கடைகளில் குரோட்டன், அந்தூரியம், ரோசா எல்லாம் பின்வரிசைக்குப் போய்விடும். முன்னுக்குச் சிவப்பாக அடுக்கியிருப்பது பொயின்செட்டியா. அந்தப் பெயரைச் சொன்னால் கடைப் பொடியனுக்கு விளங்காது, நத்தார்ப் பூ என்று கேட்டால்தான் எடுத்துத் தருவான். கிளிநொச்சிப் பக்கத்தில் அப்படியொரு கடையில் வாங்கி, வீட்டு விறாந்தையில் ஒரு வருசத்துக்கு மேல் வளர்த்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். வாங்கின அன்றைக்கே படம் எடுத்துப் போட்டு ஐந்து நட்சத்திரம் குத்துகிற வேலை இந்தக் கன்றுக்குச் சரிவராது. கடையில் இருக்கும்போது எல்லாக் கன்றும் வடிவாய்த்தான் இருக்கும், தை பிறந்த பிறகுதான் விசயம் தெரியவரும். கடையின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் கொஞ்சம் குறை சொல்லப்போகிறேன், வைத்து நடத்துகிறவர்கள் நல்ல மனிசர்.

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். கன்று நல்லது. விலையும் பரவாயில்லை. கூடத் தருகிற பொன்னிறத் தாளும், கூடச் சொல்லிவிடுகிற புத்திமதியும்தான் கன்றைக் கொல்கின்றன. 1,500 ரூபாச் சாடியைவிட, அதே கடையில் 250 ரூபாவுக்கு விற்கிற கறுப்புப் பைக் கன்றுதான் எங்கள் வன்னிப் பகுதிக்குப் பொருத்தம். ஆனால் அதை யாரும் எடுத்துக் காட்டமாட்டார்கள்.

1,500 ரூபாவுக்குக் கிடைப்பது இதுதான்: ஐந்து அங்குலப் பிளாஸ்ரிக் சாடி, அதைச் சுற்றி மினுங்குகிற தாள், ஒரு ரிபன், மண்ணில் குத்திவிட்ட ஒரு சின்ன அட்டை. கன்று ஒரு முழம்கூட உயரமில்லை, ஆனால் ஐந்தாறு கிளை விட்டு, ஒவ்வொரு கிளை நுனியிலும் உள்ளங்கை அகலச் சிவப்பு. கன்றுகள் மலைநாட்டிலிருந்து லொறியில் வருவதாகக் கடைக்கார அண்ணை சொன்னார். மண் என்று சொல்ல முடியாது, அநேகமாகத் தும்புத்தூள்தான். தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், காய்ந்துவிட்டாலோ திரும்ப இலேசில் உறிஞ்சாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர்க் கதைக்கு வரும்போது தேவைப்படும்.

அட்டையில் ஆங்கிலத்தில் நாலு வரி. குளிர்காற்றுப் படாமல் வையுங்கள், 10 பாகை செல்சியசுக்குக் கீழே விடாதீர்கள் என்று இருக்கிறது. இங்கே மார்கழி வாடை அடித்து நாங்கள் போர்வைக்குள் சுருண்டு படுக்கிற இரவிலும் 20 பாகைக்குக் கீழே போவது அபூர்வம். அட்டை சொல்வதில் பொய் ஒன்றுமில்லை, பனி கொட்டுகிற நாட்டு ஆட்களுக்கென்று எழுதினதை அப்படியே அச்சடித்துக் குத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மாரி ஈரம், கோடை வெக்கை, இராத்திரி எரிகிற மின்குமிழ் என்று இங்கே கன்றைச் சாகடிக்கிற சாமான்கள் வேறு. அவற்றைப் பற்றி அட்டையில் ஒரு எழுத்தும் இல்லை.

தண்ணீரில் தொடங்குவோம். காசு கொடுக்கும்போது, "அக்கா, விடிய ஒருக்கா பின்னேரம் ஒருக்கா தண்ணி விடுங்கோ, ஒண்டும் செய்யாது" என்று சொல்லித்தான் தந்தார்கள். என்னோடு வந்து தானும் ஒன்று வாங்கிய என் மச்சாள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டா. பாலன் குடிலுக்குப் பக்கத்தில் வைத்து, தாளைக் கழற்றாமல், நாள் தவறாமல் இரண்டு நேரமும் ஊற்றினா. வெளியே அடை மழை, வீட்டுக்குள் துவைத்த உடுப்பே காயாத நேரம். நத்தார் கழிந்து புதுவருசத்துக்குள் கீழ் இலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாய்க் கொட்டத் தொடங்கின. இலை வாடினதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினா. நான் போய்த் தாளைப் பிரித்துப் பார்த்தால் அடியில் இரண்டு விரற்கடைக்குத் தண்ணீர், நிறம் கறுத்த தேநீர், மணமும் நல்லதில்லை. சாடியிலிருந்து கன்றை உருவினால் வேர் வெள்ளையாய் இருக்கவேண்டிய இடத்தில் கபிலமாய், விரலால் பிடித்து இழுக்க வெளித்தோல் மட்டும் கழன்று கையோடு வர, உள்ளே மெல்லிய நரம்பு மிஞ்சியிருந்தது. வேரழுகல். அழுகின வேர் தண்ணீர் குடிக்காது, அதனால்தான் தண்ணீருக்குள் நின்றுகொண்டே கன்று வாடுகிறது.

இதில் மச்சாளில் ஒரு பிழையும் இல்லை, கடை சொன்னதைத்தான் செய்தா. குறை கடைக்குத்தான். தாளின் அடியில் ஒரு ஆணியால் நாலு துளை குத்திவிட்டுக் கொடுத்தால் எவ்வளவு நேரம் பிடிக்கும்?

சரி, எப்படி ஊற்றுவது? நேரம் பார்த்து ஊற்றாதீர்கள், விரல் வைத்துப் பார்த்து ஊற்றுங்கள். மேல் மண் ஒரு அங்குலம் காய்ந்திருக்கவேண்டும், சாடியைத் தூக்கினால் பாரம் குறைந்திருக்கவேண்டும். அப்போது தாளைக் கழற்றி எறிந்துவிட்டு (அழகுக்குத் தேவையென்றால் விருந்தாளி வருகிற நேரம் மட்டும் மாட்டுங்கள்), கிணற்றடிக்குக் கொண்டுபோய், அடித்துளையால் ஒழுகும்வரை ஆறுதலாய் ஊற்றி, முழுக்க வடிந்த பிறகு திரும்பக் கொண்டுவந்து வைத்தால் போதும். கீழே தட்டு வைத்தால் தட்டில் தேங்குகிறதை ஊற்றிவிடுங்கள். மாரியில் என் சாடிக்கு வாரத்துக்கு ஒன்றிரண்டு தரமே கண்டது. பங்குனி, சித்திரை வெயிலில் அதே சாடி ஒவ்வொரு நாளும் கேட்கும், சில நாள் பின்னேரமும் கேட்கும். அந்தக் காலத்துக்குக் கடைக்காரர் சொன்னது சரிதான், மார்கழியில் விற்கிற ஆளுக்கு அதைச் சொல்வதுதான் பிரச்சினை. தும்புத்தூள் ஒருமுறை இறுகக் காய்ந்துவிட்டால் மேலே ஊற்றுகிற தண்ணீர் சாடி ஓரத்தால் ஓடிவிடும், மண் நனையாது. அப்போது சாடியை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணித்தியாலம் இறக்கி வைத்து எடுங்கள்.

கடையில் எந்தக் கன்றைத் தூக்குவது என்பதற்கு என்னுடைய வழி இது. சிவப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். சிவப்பாய் இருப்பது பூவிதழ் இல்லை, இலைதான், நிறம் மாறின இலை. உண்மையான பூ அதன் நடுவில் மஞ்சளும் பச்சையுமாகச் சின்னச் சின்ன உருண்டைகளாய் இருக்கும். அந்த உருண்டைகள் இன்னும் மூடியோ அரைவாசி விரிந்தோ இருந்தால் கன்று புதுசு, சிவப்பு தை முழுக்க நிற்கும். உருண்டைகள் கொட்டி நடு வெறுமையாய் இருந்தால் அதன் காலம் முடிகிறது, விலை குறைத்துத் தந்தாலும் நத்தாருக்கு முதல் அதை வாங்குவதில் அர்த்தமில்லை. பிறகு இலைகளைப் பாருங்கள். அடிவரைக்கும் கரும்பச்சையாய் இருக்கவேண்டும். ஒரு இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள், தட்டினதும் வெள்ளையாய்ச் சின்ன ஈக்கள் பறந்தால் அந்தக் கன்றை மட்டுமில்லை, அந்த வரிசையையே விட்டுவிடுங்கள். வெண் ஈ வீட்டுக்குள் வந்தால் பிறகு மிளகாய்க் கன்றுக்கும் போகும், போக்காட்டுவது பெரும்பாடு.

லொறியில் வரும்போது ஒவ்வொரு கன்றையும் கூம்பாகத் தாள் சுற்றி வருகிறார்கள். சுற்றினபடி கனநேரம் இருந்தால் இலைக்காம்பெல்லாம் கீழ்நோக்கி வளைந்துவிடும், தண்ணீர் விட்டாலும் உடனே நிமிராது. கன்று தானே விடுகிற எதிலீன் வாயு உள்ளே அடைபட்டு நிற்பதால் வருகிற வினை அது. அதே வாயுதான் வாழைக்குலையைப் பழுக்க வைக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம்மட வீடுகளில் குலை தொங்குகிற இடமும் பூச்சாடி வைக்கிற இடமும் அநேகமாக ஒரே விறாந்தைதான். பழுக்கிற குலைக்குக் கீழே நத்தார்ப் பூவை வைத்தால் காரணம் தெரியாமலே இலை கொட்டும். குலையை அங்காலே மாற்றுங்கள், அல்லது சாடியை.

வெளிச்சம். நல்ல வெளிச்சம் வேண்டும், விடிய வெயில் பட்டால் இன்னும் நல்லது, மத்தியான வெயில் கூடாது. கிழக்குப் பார்த்த விறாந்தை இருந்தால் அதைவிட வேறு இடம் தேட வேண்டாம். தகரக் கூரை வீடென்றால் கூரைக்குக் கிட்ட உயரத்தில் தொங்கவிடாதீர்கள், மாசி தாண்டினால் அந்த இடம் கன்றை அவித்துவிடும். மின்விசிறிக்கு நேர் கீழேயும் வேண்டாம். இவ்வளவுதான், இதில் பெரிய வித்தை இல்லை.

பெரிய வித்தை இராத்திரியில்தான் இருக்கிறது.

முதல் வருசம் சிவப்பாய் வாங்கிவந்த கன்று, அடுத்த மார்கழியில் திரும்பச் சிவக்குமா? கடையில் கேட்டால் "சிவக்காது அக்கா, புதுசு வாங்கத்தான் வேணும்" என்கிறார்கள். வியாபாரத்துக்கு நல்ல பதில், ஆனால் உண்மையில்லை. என்னுடையது சிவந்தது. இந்தக் கன்று இரவின் நீளத்தை அளந்துதான் பூக்கிறது. இரவு 12 மணித்தியாலத்தைத் தாண்டி, இடையில் வெளிச்சம் படாமல், கிழமைக்கணக்காய்த் தொடர்ந்து கிடைத்தால்தான் நுனி இலைகள் நிறம் மாறத் தொடங்கும். தொடங்கினதிலிருந்து முழுச் சிவப்புக்கு இரண்டு மாதம் சொச்சம் எடுக்கும். இடையில் யாராவது இராத்திரி ரியூப் லைற்றைப் போட்டு வைத்தால் கன்று அதைப் பகல் என்று எடுத்துக்கொண்டு, பூப்பதை விட்டுவிட்டு இலை விடப் போய்விடும்.

கனடாவில் இருக்கிற சித்தி இதுக்கு ஒரு முறை வைத்திருக்கிறா. "பிள்ளை, ஒக்டோபர் பிறந்த உடன பின்னேரம் அஞ்சு மணிக்கு அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டு, விடிய எட்டு மணிக்கு எடு" என்று வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினா. அவவுக்கு அது சரி. அங்கே ஆட்கள் பனிக்காலம் முழுக்க வீட்டுக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு இருக்கிறார்கள், கன்றும் அதே அறைக்குள்தான் இருக்கவேண்டும், வெளியே வைத்தால் ஒரே இரவில் உறைந்துவிடும். அதனால் ஒரு நாளைக்கு 14, 15 மணித்தியாலம் அளவில் கட்டாய இருட்டுக் கொடுக்கிறார்கள். இங்கே அந்தப் பாடு தேவையில்லை. வன்னியில் வெளியே விட்டாலே போதும். ஆனி மாதத்தில் நமக்குப் பகல் ஏறக்குறைய 12 மணித்தியாலம் 40 நிமிடம், மார்கழியில் பதினொன்றரை மணித்தியாலத்துக்குக் கிட்ட. வித்தியாசம் ஒரு மணித்தியாலம் சொச்சம்தான், நமக்கே தெரியாது, ஆனால் கன்றுக்குத் தெரிகிறது. புரட்டாதி கழிந்ததும் இரவு பகலை முந்திவிடும், கன்று தன்பாட்டில் வேலையைத் தொடங்கிவிடும். அலுமாரிக்குள் வைத்தால் நம்மட வெக்கைக்கும் மாரி ஈரத்துக்கும் பூஞ்சணம்தான் பிடிக்கும்.

ஆனால் வித்தியாசம் சின்னது என்பதாலேயே இங்கே மின்குமிழ் பெரிய எதிரி. மேலே சொன்ன கடையிலேயே இதைக் கண்ணால் பார்க்கலாம். கடை வாசலில் இராத்திரி விடியவிடிய எரிகிற ஒரு வெள்ளை விளக்கு இருக்கிறது. ஐப்பசியில் ஒரு நாள் உரம் வாங்கப் போனபோது பழைய கன்றுகள் கொஞ்சத்தை அந்த விளக்குக்குக் கீழே ஒரு வாங்கில் வைத்திருந்தார்கள். கார்த்திகைக் கடைசியில் திரும்பப் போகும்போது விளக்கைப் பார்த்த பக்கக் கிளைகள் எல்லாம் தனிப் பச்சை, சுவர்ப் பக்கம் நிழலுக்குள் நின்ற கிளைகளின் நுனியில் மட்டும் சிவப்பு ஏறத் தொடங்கியிருந்தது. ஒரே கன்றில் ஒரு பக்கம் பச்சை, மற்றப் பக்கம் சிவப்பு. அண்ணையிடம் காட்டினேன். "அது சாதி கெட்ட கன்று, எறியத்தான் வைச்சிருக்கு" என்றார். நான் விளக்கைக் காட்டினேன், சிரித்தார். நம்பின மாதிரித் தெரியவில்லை.

வீட்டில் இதுக்குச் செய்யவேண்டியது பெரிசாய் ஒன்றுமில்லை. புரட்டாதியிலிருந்து சாடியை வீதிவிளக்குப் படாத பக்கத்தில், முற்றத்து மின்குமிழுக்கு மறைவாய், வீட்டின் பின்பக்கமாய்ப் பார்த்து வையுங்கள். மாமரத்துக்கு அடுத்த பக்கம், கிணற்றடி மதிலோரம், எது இருட்டோ அது. கோழிக்கூட்டுக்கு விளக்குப் போடுகிற வீடென்றால் அதற்கும் எட்ட வையுங்கள். பிள்ளைகள் சோதனைக்குப் படிக்கிற அறை யன்னலுக்கு நேரே வைக்கவேண்டாம், சோதனைக் காலத்தில் அந்த விளக்கு எப்போது அணையும் என்று யாருக்கும் தெரியாது. முழுக்கச் சிவந்த பிறகு பாலன் குடிலுக்குப் பக்கத்தில் வைத்து எத்தனை மின்குமிழைச் சுற்றினாலும் பரவாயில்லை, அதுக்குள் வேலை முடிந்திருக்கும்.

வெக்கை பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், இல்லாவிட்டால் குளிரான நுவரெலியாப் படங்களைப் பார்த்துவிட்டு என்னோடு சண்டைக்கு வருவீர்கள். இரவு வெக்கை கூடினால், அதாவது 23, 24 பாகைக்கு மேலே நின்றால், இருட்டுச் சரியாய்க் கிடைத்தாலும் சிவப்பு ஏறுவது பிந்தும். ஐப்பசியில் மழை பிந்தின வருசத்தில் நத்தாருக்கு அரைச் சிவப்புத்தான் வரும், தைப்பொங்கலுக்குத்தான் முழுசாய்ச் சிவக்கும். மழை நேரத்துக்கு வந்தால் நேரத்துக்குச் சிவக்கும். என்னுடையது பொங்கலுக்குத்தான் முழுக்கச் சிவந்தது. பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நத்தார்ப் பூ நின்றதில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை. சிவப்பு மலைநாட்டுக் கன்றின் அளவுக்குப் பெரிசில்லை, இலை கொஞ்சம் சிறிசு. ஆனால் கனநாள் நின்றது.

இனி இடைப்பட்ட மாதங்கள். சிவப்பு மங்கிக் கொட்டினதும் கன்று செத்துவிட்டது என்று எறிகிற ஆட்கள்தான் கூட. எறியவேண்டாம். பங்குனி கடைசியில் தண்டுகளை மண்ணிலிருந்து அரைச் சாணுக்குச் சற்று மேலே விட்டு வெட்டுங்கள். ஒவ்வொரு தண்டிலும் மூன்று நாலு கணு மிஞ்சினால் போதும். மொட்டைக் குச்சிகளாய் நிற்கும், பார்க்கப் பயமாய்த்தான் இருக்கும், ஆனால் கணுவுக்குக் கணு துளிர் வரும். அப்போதே சாடியை மாற்றுங்கள். ஒரு அளவு பெரிய சாடி, தும்புத்தூளோடு செம்மண்ணும் உக்கின மாட்டெருவும் கொஞ்சம் மணலும். தனிச் செம்மண் போட்டால் சாடிக்குள் இறுகிக் கல்லாகிவிடும். வைகாசி, ஆனியில் கச்சான் காற்று அடிக்கிற நேரம் சாடியை மறைவுக்குள் வையுங்கள், இளந்துளிர் காற்றில் கருகும், சாடி சரிந்தால் கிளையும் முறியும். துளிர் ஒரு சாண் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், கிள்ளினால்தான் பக்கத்தில் கிளைக்கும். ஆவணி முடிவோடு கிள்ளுவதை நிறுத்திவிடவேண்டும், அதுக்குப் பிறகு கிள்ளினால் சிவக்கவேண்டிய நுனியைத்தான் கிள்ளி எறிகிறீர்கள். கடையில் தருகிற உரக் குளிசையை நான் பாவிக்கவில்லை. மாட்டெருவைத் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிவை இரண்டு கிழமைக்கு ஒருக்கால் ஊற்றினேன். சிவப்பு ஏறின பிறகு உரம் வேண்டாம்.

வெட்டும்போது பால் வடியும். இது கள்ளிச் சாதி. வேலிக் கள்ளி, திருகுக்கள்ளி, முற்றத்தில் தானாய் முளைக்கிற அம்மான் பச்சரிசி எல்லாம் இதுக்கு ஒரே இனம், அதனால் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தோலிலும் சிலருக்குக் கடிக்கும். வெட்டினபிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் சரி. இந்தக் கன்று கொடிய நஞ்சு, பிள்ளைகள் இருக்கிற வீட்டில் வைக்கக்கூடாது என்று ஒரு கதை உலாவுகிறது. 1919இல் ஹவாயில் ஒரு பிள்ளை இதன் இலையைத் தின்று இறந்ததாகக் கிளம்பின கதை அது, பிறகு அதில் உண்மையில்லை என்று தெரியவந்தது. தின்றால் வாய் எரியும், வயிறு குமட்டும், சத்தி வரலாம். தவழுகிற பிள்ளைக்கும் நாய்க்குட்டிக்கும் எட்டாத உயரத்தில் வைத்தால் போதும். அதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் விறாந்தையில் அரளிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருப்பார்கள், அரளிதான் உண்மையான நஞ்சு.

இப்போது அந்தக் கறுப்புப் பைக் கன்று. 250 ரூபா. ஒற்றைத் தண்டு, ஒல்லி, வாங்கும்போது நாலைந்து பச்சை இலையைத் தவிர ஒன்றுமில்லை. யாரோ ஊர்த் தோட்டத்தில் வெட்டின தடியை நட்டு வேர் பிடிக்கவைத்தது. சாடிக் கன்றையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்துப் பார்த்ததில் தெரிந்தது, சாடிக் கன்றின் குட்டையும் புதர் வடிவும் இயற்கை இல்லை என்பது. பெரிய வளர்ப்பாளர்கள் கன்று உயராமல் இருக்க வளர்ச்சியை அடக்குகிற மருந்து கொடுக்கிறார்கள், அதன் வேகம் முடிந்ததும் அடுத்த வருசம் கன்று தன்னுடைய உண்மையான உயரத்துக்குப் போகும். ஏன் இவ்வளவு நெடுவலாய்ப் போகிறது என்று யாரையும் திட்டவேண்டாம். மெக்சிக்கோவில் இது ஆள் உயரத்தைத் தாண்டி வளர்கிற செடி. ஜோயல் பொயின்செட் என்ற அமெரிக்கத் தூதுவர் 1820களில் அங்கிருந்து தன் நாட்டுக்கு எடுத்துப்போனதால்தான் இந்தப் பெயர். சாடிக்குள் அடங்கின செடியாய் அது ஆனதெல்லாம் பிறகு கலிபோர்னியாவில் எக்கே என்ற குடும்பத்தின் பண்ணையில் நடந்த வேலை.

இன்னொரு விசயம் எனக்கே ஆச்சரியம். சாடிக் கன்று இவ்வளவு கிளைப்பதற்குக் காரணம் ஒரு நோய்க்கிருமி. பைட்டோபிளாஸ்மா என்று சொல்கிறார்கள். கத்தரியில் இலையெல்லாம் சிறுத்துக் குருவிக்கூடு போலப் புதர்விட்டுக் காய்க்காமல் போகிற நோய் வருமே, எள்ளுக்குப் பூவெல்லாம் பச்சை இலையாய் மாறிப்போகுமே, அந்த வகைக் கிருமிதான். முரசுமோட்டையிலும் விசுவமடுவிலும் தோட்டம் செய்கிறவர்கள் அப்படி ஒரு கன்றைக் கண்டால் பிடுங்கி எரிப்பார்கள். நத்தார்ப் பூவிலோ அதே வகைக் கிருமியைப் பெரிய வளர்ப்பாளர்கள் ஒட்டுக் கட்டிக் கன்றுக்குக் கன்று மாற்றி, கிளை கூட வைத்து, அதைக் காசாக்குகிறார்கள். 1990களில்தான் காரணம் இதுதான் என்று கண்டுபிடித்தார்கள், அதற்கு முதல் அந்த ஒட்டு வித்தை பண்ணைக்காரரின் தொழில் இரகசியமாய் இருந்தது.

அப்போ எதை வாங்குவது? நத்தாருக்கு ஒரு மாதம் விறாந்தை வடிவாய் இருந்தால் போதும், பிறகு போனால் போகட்டும் என்றால் சாடிக் கன்று. யாருக்காவது கொண்டுபோய்க் கொடுக்கவும் அதுதான் நல்லது. வருசக்கணக்காய் வைத்திருக்க வேண்டுமென்றால் பைக் கன்று. அது இந்த வெக்கையிலேயே பிறந்தது, எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கும் பழகினது. நிலத்தில் நட்டால் ஒரு மாரி கழிய இடுப்பளவுக்கு வந்துவிடும், சிவப்பு கொஞ்சம் மெல்லிசாய், இலை குறுகலாய்த்தான் வரும், ஆனால் வரும். சாடிக்குள் வைத்திருந்தால் கிள்ளுகிற வேலை கூட, ஏனென்றால் தானாய்க் கிளைக்காது. என் இரண்டில் சாடிக் கன்று கோடையில் ஒரு கிளையை இழந்தது, பைக் கன்றுக்கு ஒன்றும் நடக்கவில்லை. சித்திரையில் வெட்டின தடிகளை, பாலைக் கழுவி, ஒரு நாள் நிழலில் வைத்து, மணலும் தும்புத்தூளும் கலந்து நட்டதில் பைக் கன்றின் தடிகள் அநேகமாக எல்லாம் பிடித்தன. சாடிக் கன்றின் தடிகள் பாதி அழுகின.

பூச்சி அவ்வளவு வரவில்லை. கோடையில் கணுவிடுக்கில் பஞ்சு ஒட்டினதுபோல வெள்ளைப் பூச்சி கொஞ்சம் கண்டது, பழைய பல்துலக்கியைச் சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்துவிட்டேன், போய்விட்டது. கடையில் இதுக்கென்று ஒரு மருந்துப் போத்தல் நீட்டினார்கள், விலையைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டு வந்தேன்.

சேவை என்று பார்த்தால், கட்டித் தருவதில் குறை சொல்ல ஏலாது. மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகிறோம் என்றதும் ஒரு பழைய உரப்பையை வெட்டி, கிளை முறியாமல் சுற்றி, சாடியை ரியூப் கீலத்தால் இறுக்கிக் கட்டித் தந்தான் கடைப் பொடியன். வீட்டுக்கு வந்து அவிழ்த்தால் ஒரு இலை விழவில்லை. தூரம் போகிறவர்கள், மாங்குளம், மல்லாவிப் பக்கம் பஸ்ஸில் கொண்டுபோகிறவர்கள், போய்ச் சேர்ந்த உடனேயே சுற்றினதை அவிழ்த்துவிடுங்கள், விடியட்டும் என்று விட்டால் காம்பு வளைந்துவிடும். அழுகின கன்றைத் திருப்பிக் கொண்டுபோனபோது மச்சாளுக்குக் காசும் இல்லை, மாற்றுக் கன்றும் இல்லை. "தண்ணி கூட விட்டிருக்கிறியள் அக்கா" என்று அவவையே குற்றம் சொன்னார்கள், இரண்டு நேரமும் ஊற்றச் சொன்னதே அவர்கள்தான் என்று நான் சொன்ன பிறகு கொஞ்சம் முழித்துவிட்டு, பைக் கன்று ஒன்றைப் பாதி விலைக்குத் தந்தார்கள். அதையும் கணக்கில் எடுத்துத்தான் இவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லாமல் விடுகிறேன்.

கன்றுக்கு நாலு நட்சத்திரம், கட்டித் தந்த பொடியனுக்கு ஐந்து, பராமரிப்புச் சொல்லுக்கு ஒன்று. போகிறவர்கள் கார்த்திகை நடுப்பகுதியில், முதல் லொறி வந்து இறக்கின கையோடு போங்கள், மார்கழி (டிசம்பர்) இருபதுக்குப் பிறகு மிஞ்சுவதெல்லாம் வெயிலில் காய்ந்த கழிவுதான். பைக் கன்று வேண்டுமென்றால் வாய்விட்டுக் கேட்கவேண்டும், முன்னுக்கு வைக்கமாட்டார்கள், தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் முருங்கைத் தடிகளோடு சேர்த்து அடுக்கியிருக்கிறார்கள்.